உள்பக்கமாத் தொறக்கணும்

வாங்க தம்பி. மரக்கடைக்காரர் அனுப்புன ஆசாரி நீங்கதான? செருப்பக் கழட்ட வேண்டாம், அப்படியே வாங்க. இந்தக் கதவுதான். சொல்லியிருப்பாவளே, வெளிய தொறக்குது. இத உள்பக்கமாத் தொறக்குத மாதிரி திருப்பிப் போடணும். அம்புட்டுதான் சோலி. இன்னைக்கே முடிஞ்சிருமா?

எதுக்குன்னா கேக்கிய? காத்துதான். நீங்க களக்காட்டுக்காரர்னு சொன்னாவ, அங்க மலை மறைக்கும். எங்க பணகுடிக் காத்து ஒங்களுக்குத் தெரியாது. ஆனி பொறந்தா கணவாய்க்குள்ள இருந்து கிளம்பி வரும் பாத்துக்கிடுங்க, ஆடி முடியுத வரைக்கும் ஒரு துணி கொடியில நிக்காது. வெளிய தொறக்குத கதவுன்னா கையில இருந்து பிடுங்கிட்டுப் போயி செவுத்துல அடிக்கும். தெருவே திரும்பிப் பாக்கும். வேங்கை மரத்துக் கதவு தம்பி, நல்ல கதவு.

முன்னால உள்ளதான் தொறந்துச்சு. வீடு கட்டுன நாள்ல இருந்து உள்ளதான். நாந்தான் திருப்பச் சொன்னேன். பெரியநாயகம் ஆசாரின்னு ஒருத்தர், அவர்தான் செஞ்சு குடுத்தார். அப்பமே முணுமுணுத்தார். "வாசக்கதவு வெளிய தொறந்தா, வந்த ஆளு ரெண்டடி பின்னால போகணும்லாம்மா. வாயில வாங்கன்னு சொல்லிக்கிட்டு கையால போன்னு தள்ளுத மாதிரி இருக்கும்"னார். கீலு வெளிப்பக்கம் வந்துரும், கள்ளன் ஆணியக் கழட்டுனா கதவே கையோட வந்துரும்னார். நீங்க போடுத கோலத்தைக் கதவே அழிச்சிரும்னார். "இந்த வீட்டுக்கு எந்தக் கள்ளனும் வர மாட்டான், நீரு சொன்னதச் செய்யும்"னு சொல்லிட்டேன். நான் ஒண்ணு நெனச்சா நெனச்சதுதான்.

தெருவுல கேட்டவங்ககிட்ட இடம் பத்தலைன்னு சொன்னேன். புதுசா ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கோம், கதவு அதுல இடிக்குன்னு. நெசம் அது இல்ல. வெளியூர் ஆளு, ஒங்ககிட்டச் சொன்னா என்ன வந்துது. எல்லாம் எம் மருமகளாலதான். செல்வகனின்னு பேரு.

இரிங்க, அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு இரிங்க. அளவெல்லாம் பொறவு எடுக்கலாம்.

எனக்கு ஒத்தைக்கு ஒரு மகன். சுயம்புன்னு பேரு. அவிய அப்பா தவறும்போது அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பூக்கட்டி வித்து, பீடி சுத்தி ஆளாக்குனேன். கரண்டு எடுக்குத காத்தாடி நடுத இடத்துல கிரேன் ஓட்டுனான். அந்தா தெரியுதுல்லா ஓட்டு வீடு, அது என் வீடு. இது அவன் கலியாணத்துக்குன்னு பக்கத்துலயே நான் கட்டுனது. பின்பக்கம் அடுத்தவன் மனை, பின்வாசல் வைக்க இடமில்ல. இந்த ஒரு வாசல்தான்.

மருமக வரும்போது நல்லாத்தான் இருந்தா. தையல் தெரியும். அத்த அத்தன்னு பின்னாலயே வருவா. அபிஷா பொறந்தா, பேத்தி. அதுவரைக்கும் ஒரு குறை இல்ல.

சுயம்பு குடிப்பான். இல்லைன்னு சொல்லல. யாரு குடிக்கல, சொல்லுங்க? வெயில்லயும் காத்துலயும் நிக்கிற வேலை, உடம்பு வலிக்கும்லா. பொம்பளைன்னா கொஞ்சம் தணிஞ்சு போகணும். வாரவன் முகத்தப் பாத்து, ஒரு வாய் சோத்தப் போட்டு, படுக்க வச்சிரணும். இவ என்ன செய்வா, எதுத்து நின்னு கேள்வி கேப்பா. வேலைக்கு ஏன் போகலைங்கா, கம்பெனிக்காரன் ஏன் நிப்பாட்டுனாங்கா. நின்னுபோன வேலையப் பத்திக் கேட்டா ஆம்பளைக்குக் கோவம் வராதா?

ஒருநா சாயங்காலம் வாரான், கதவு உள்தாழ்ப்பா. தெருவுல பூரா ஆளு நிக்கி. "தொறட்டீ"ங்கான். "தெளிஞ்சதுக்கப்புறம் வாங்க"ன்னு உள்ள இருந்து சொல்லுதா. கெட்டுன புருசனப் பாத்து! அவன் விட்டான் ஒரு மிதி, தாழ்ப்பா ஆணியோட தெறிச்சு விழுந்துச்சு. மறுநா அவ கடைக்குப் போயி புதுத் தாழ்ப்பா வாங்கிட்டு வந்து, அவளே திருப்புளி வச்சு முடுக்கிட்டா. நான் போயிக் கழட்டுனேன். வீட்டுக்காரன் நடமாடுத வீட்டுக்கு உள்தாழ்ப்பா எதுக்குங்கேன்? பூட்டிட்டு வெளிய போறதுக்கு வெளியில கொண்டி இருக்கு. அது போதும்லா.

அதோட விட்டாளா? கட்டில இழுத்துப் போட ஆரம்பிச்சா. அவ சீரா கொண்டுவந்த இரும்புக் கட்டிலு. அவன் தெருமுக்குல வார சத்தம் கேட்டாப் போதும், கரகரன்னு இழுத்துக் கதவுக்குப் பின்னால போட்டு, பிள்ளையையும் தூக்கி அதுமேல வச்சுக்கிட்டு உக்காந்துருவா. கதவு உள்பக்கமால்லா தொறக்குது, அவன் எப்படித் தள்ளுவான்? ரெண்டு உசிரு பாரம், கட்டிலு பாரம். மழை வேற. நனைஞ்சுபோயி என் வீட்டுக்கு வந்து, "எம்மா, என் வீட்டுக்குள்ள என்னைய விட மாட்டுக்கா"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான் தம்பி. பெத்தவளுக்கு எப்படி இருக்கும்?

அப்பம்தான் யோசிச்சேன். கதவு வெளிய தொறந்துச்சுன்னா கட்டிலப் போட்டு என்ன, பீரோவப் போட்டு என்ன? வெளிய நிக்கவன் பிடிச்சு இழுத்தாத் தொறந்துரும்லா. நான் எட்டாங்கிளாஸ்தான். ஆனா இந்த யோசனை வேற எவளுக்கு வந்திருக்கும்ங்கிய?

பெரியநாயகம் ஆசாரி நிலைய ஒடைக்காம, அந்தப் பக்கம் ரீப்பர் கட்டை அடிச்சு, கீல மாத்தி, ஒரே நாள்ல முடிச்சிட்டார். செல்வகனி பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அந்த மூலையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. "எதுக்கு அத்த?"ன்னா. "ஃபிரிட்ஜ்ல இடிக்குல்லா"ன்னேன். கதவ ஒருக்கா இழுத்துச் சாத்திப் பாத்தா. பொறவு கிட்ட வந்து மெதுவாக் கேட்டா, "அபிஷாவ மட்டுமாவது ராவுல ஒங்ககூடப் படுக்க வச்சுக்கிடுதியளா அத்த?"

பிள்ள தாய்கூடத்தான படுக்கணும்? அதைத்தான் சொன்னேன். அதுல என்ன தப்பு?

அதுக்கப்புறம் வாசல்ல ஒரு பிரச்சினையும் இல்ல. அவன் பாட்டுக்கு வருவான், இழுப்பான், தொறக்கும், உள்ள போவான். வெளியில நின்னு கத்துறது, தெரு கூடுறது, அந்த அசிங்கமெல்லாம் நின்னுபோச்சு. உள்ள சத்தம் வரும், சில நேரம். செவுத்துக்கு அந்தப்புறம்தான நான் இருக்கேன். டி.வி.யக் கொஞ்சம் கூட்டி வச்சிருவேன். புருசன் பொண்டாட்டி விசயத்துல நாம போயி நிக்கக் கூடாது தம்பி. நான் ஒருநாளும் போனதில்ல. அந்த மரியாதை எனக்கு உண்டு.

அவ கை ஒடிஞ்சது மட்டும் கொஞ்சம் பெருசாயிட்டு. இடது கை. ஆஸ்பத்திரிக்கு நாந்தான் கூட்டிட்டுப் போனேன், அவன் போதையில கிடந்தான். எப்படி ஒடிஞ்சதுன்னு கேட்டாவ. "கதவு காத்துல அடிச்சு கையில விழுந்துட்டு"ன்னு அவளே சொன்னா. நான் சொல்லிக்குடுக்கல, அவளேதான் சொன்னா. நானும் ஆமான்னேன். இந்தக் காத்துக்கு கதவு அடிக்கத்தான செய்யும்? கட்டுப் போட்ட நர்ஸு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. பாத்தா பாக்கட்டும்.

கை கூடுத வரைக்கும் வீட்டு வேலை பூரா நாந்தான் செஞ்சேன். அத யாரும் சொல்ல மாட்டாவ.

கட்டுப் பிரிச்ச பொறவு, ஒரு சனிக்கிழமை காலம்பற. அவன் இன்னும் எந்திரிக்கல. எந்திரிச்சா வயிறு எரியுதும்பான்னு நான் நண்டு ரசம் வச்சு எடுத்துட்டு இங்க வந்தேன். அவ பிள்ளைக்கு ஷூ மாட்டிக்கிட்டு இருந்தா. "பள்ளிக்கூடம் இல்லாத அன்னைக்கு எதுக்குட்டி ஷூ?"ன்னேன். "பத்தாமப் போகப்போவுது அத்த, போட்டு நடக்கட்டும். பால் வாங்கிட்டு வந்துருதேன், நீங்க இருங்க"ன்னா. கூடையத் தூக்கிக்கிட்டுப் போனா. பால் வாங்க எதுக்கு இம்புட்டுப் பெரிய கூடைன்னு எனக்கு அப்பம் தோணல. வாசல்ல நின்னு என்னைய ஒரு தரம் திரும்பிப் பாத்தா. பொறவு கதவச் சாத்துனா. காத்துக்குச் சாத்துதான்னுதான் நெனச்சேன். கொண்டி விழுந்த சத்தம் கேட்டுச்சு. அடுத்தாப்ல பூட்டுச் சத்தம்.

உள்ள நானும் எம் மகனும்.

நல்ல கெட்டிக் கொண்டி தம்பி. கதவத் திருப்புன அன்னைக்கு நாந்தான் இருக்கதுலயே பெருசாப் பாத்துப் போடச் சொன்னேன்.

அவன் எந்திரிச்சான். எந்திரிச்சதும் கடைக்குப் போகணும் அவனுக்கு, கை நடுங்குமுல்லா. தள்ளிப் பாத்தான், அசையல. "எவ பூட்டுனா?"ன்னான். "பால் வாங்கப் போயிருக்காய்யா, வந்துருவா, ரசத்தக் குடி"ன்னேன். டம்ளரத் தட்டி விட்டான். தோளக் குடுத்து இடிச்சுப் பாத்தான், மிதிச்சுப் பாத்தான். முந்தி ஒரே மிதியில தொறந்த கதவுதான் அது. "நீதான் அவள அனுப்பி வச்சிருப்ப"ன்னான். எம் மேல திரும்பிட்டான். என்னைய அடிக்கல. தள்ளுனான். ஃபிரிட்ஜ் மேல போயி விழுந்தேன். பொறவு முடியப் புடிச்சான். அம்புட்டுதான். அடிக்கெல்லாம் இல்ல. அடிக்கிற பிள்ளையா வளக்கல நான்.

ஜன்னலப் புடிச்சுக்கிட்டுக் கத்துனேன். "ஏ வைலட், ஏ டீச்சர், கதவத் தொறங்க"ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். எதுத்த வீடுதான், அந்தா, பச்சை பெயிண்ட் அடிச்சது. அவ உள்ளதான் இருந்தா, ஃபேன் சுத்துறது எனக்கே தெரியுது. தெருவுல போறவன் வாரவன் பாத்துக்கிட்டே போறான். ஒரு நாதி வரல. நாகர்கோவில் பஸ் ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு, அந்தா பஸ் ஸ்டாப்புல நின்னு எடுத்துட்டுப் போற சத்தம் இங்க நல்லாக் கேக்கும். அது போனதுக்கப்புறம்தான் வைலட் டீச்சர் மெல்ல நடந்து வாரா. கையில சாவி. செல்வகனி குடுத்துட்டுப் போயிருக்கா.

கதவத் தொறந்ததும் அவன் எங்க ரெண்டு பேரையும் தள்ளிட்டு ஓடுனான். "நான் அந்தக் கத்து கத்துதேன், ஒங்க காதுல விழலயா டீச்சர்?"ன்னு கேட்டேன்.

"விழுந்துச்சு. டி.வி.ன்னு நெனச்சேன்"னா.

அன்னையில இருந்து அவகூடப் பேச்சில்ல. படிச்சு என்ன பிரயோசனம்? பக்கத்துல ஒரு உசிரு துடிக்கும்போது வந்து பாக்காதவ என்ன மனுசி? நீங்களே சொல்லுங்க.

சொல்ல மாட்டியளா? சரி.

மருமகள அப்படியே விட்டுரலாமா? பேத்தி இருக்காளே. நாகர்கோவில்ல துணிக்கடைத் தையலுக்குப் போறா, வடசேரிப் பக்கம் ஒரு மாடியில இருக்கான்னு விசாரிச்சுக்கிட்டுப் போனேன். முறுக்கு, அதிரசமெல்லாம் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். கதவத் தட்டுனா, சங்கிலியப் போட்டுக்கிட்டு ஒரு கோடு மாதிரி தொறக்கா. அந்தக் கதவு உள்பக்கமாத் தொறக்குது. அதைத்தான் நான் மொதல்ல பாத்தேன்.

"எதுக்கு வந்திய அத்த?"

"ஒன்னைய கூட்டிட்டுப் போக."

"அவிய குடிய விட்டாச்சா?"

"விட்டுருவான். நீ வந்தா விட்டுருவான்."

அவ காலுக்குக் கீழ இருந்து அபிஷா எட்டிப் பாத்தா. நல்லா வளந்துருக்கா. "அப்பாவும் வந்திருக்காவளா ஆச்சி?"ன்னா. சந்தோசமாக் கேக்கான்னு நெனச்சேன். "இல்ல மக்கா, ஆச்சி மட்டும்தான்"ன்னேன். "அப்ப தொறம்மா"ன்னு அவ அம்மைகிட்டச் சொல்லுதா.

செல்வகனி என் நெத்தியவே பாத்துக்கிட்டு இருந்தா. இந்தா, இந்தத் தழும்புதான். அப்பம் பச்சையா இருந்துச்சு. "நெத்தியில என்ன அத்த?"

"கதவு இடிச்சிட்டு"ன்னேன்.

அவ சங்கிலியக் கழட்டுனா. கதவ நல்லாத் தொறந்து வச்சுக்கிட்டு, "உள்ள வாங்க அத்த. நீங்க மட்டும்னா இங்கயே இருந்துக்கிடுங்க. எங்க சோத்துல ஒரு பங்கு. அவிய மட்டும் இந்தப் படியேறக் கூடாது"ன்னா.

பாத்தியளா திமிர? எம் மகன ஒதுக்கிட்டு எனக்குச் சோறு போடுதாளாம்! மருமக சோத்துல கிடக்கிறதுக்கு நான் என்ன நாதியத்தவளா? எனக்கு மகன் இருக்கான். அதைத்தான் சொன்னேன், "எனக்கு மகன் இருக்காம்ட்டி"ன்னு. பலகாரப் பைய வாசப்படியில வச்சிட்டு இறங்கிட்டேன். பிள்ள ஆச்சி ஆச்சின்னு கூப்புட்டுது. திரும்பிப் பாக்கல. பாத்தா அழுதுருவேன். அவ முன்னால அழ எனக்கு மனசில்ல.

அந்த வருசம் ஆடியிலயே என் ஓட்டு வீட்டக் காத்து தூக்கிட்டு. ஓடு பூராச் சரிஞ்சு நடுவீட்டுல விழுந்துச்சு. போக்கிடம் வேற ஏது, இங்க வந்துட்டேன். நானும் அவனும்தான். நான் கட்டுன வீடு, எனக்கு உரிமை இல்லையா? அவன் நல்லவன்தான் தம்பி. காலம்பற பாத்தா பச்சப் பிள்ள மாதிரி இருப்பான். எம்மா, ஒனக்குக் கால் வலிக்கான்னு கேப்பான், தைலம் தேய்ச்சு விடுவான். சாயங்காலம்தான். சாயங்காலம் வாசல்ல வந்து நின்னு, கதவப் புடிச்சு ஒரே இழுப்பு. எந்தப் பக்கம் நிக்கேன், என்ன செஞ்சுக்கிட்டு இருக்கேன்னு ஒண்ணும் கெடையாது. ஒரு நிமிசம் தாங்குனாக்கூடப் போதும், நான் சுதாரிச்சிருவேன். ஒரு நிமிசம்கூடத் தாங்க மாட்டுக்கு.

காத்தச் சொல்லுதேன். காத்துதான்.

என்ன சொல்லுதிய? தாழ்ப்பா மட்டும் போட்டாப் போதுமா? போதாது தம்பி. மிதிச்சாலும் இழுத்தாலும் ஆணியோட வந்துரும். எனக்குத் தெரியும், நான் கண்ணால பாத்தது. கதவு உள்பக்கமாத் தொறந்தாத்தான் பின்னால எதாவது ஒண்ணத் தூக்கி வைக்க முடியும். தாழ்ப்பாளும் போடுங்க, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. ஆனா கதவத் திருப்பணும். இன்னைக்கே திருப்பணும். வள்ளியூர்ல ஒரு சோலி இருக்குன்னு போயிருக்கான், சாயங்காலம்தான் வருவான். அதுக்குள்ள முடிச்சிருவியளா? நானும் கூட நின்னு புடிக்கேன். எனக்குத் தெம்பு இருக்கு.

எதுக்கு எம் முகத்தவே பாக்கிய? கதவப் பாருங்க.

அது யாரு, தெருமுக்குல? பஸ்ஸே இன்னும் வரலயே. அய்யோ, அவன்தான். பைக்குல எவனோ கொண்டாந்து விட்டுட்டுப் போறான். தம்பி, அந்த உளியெல்லாம் பைக்குள்ள போடுங்க. வெரசாப் போடுங்க. வீடு வாடகைக்கு இருக்கான்னு கேட்டு வந்தேன்னு சொல்லுங்க. கதவுன்னு ஒரு வார்த்தை சொல்லிராதிய, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

"வாய்யா! என்ன இம்புட்டுச் சீக்கிரம்? வெயில்ல வந்திருக்க, முகத்தக் கழுவு, சோறு வைக்கேன். இவியளா? ஒண்ணுமில்ல, வீடு கேட்டு வந்தாவ. இல்லைன்னு சொல்லிட்டேன். இந்தா கிளம்பிட்டாவ. நீ உள்ள போய்யா, அம்மா வாரேன்."

தம்பி. நான் உள்ள போறேன். நீங்க உடனே போயிராதிய. வாசல்ல நிக்க வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. அந்தா, அந்த கரண்டு கம்பத்துக்கிட்டப் போயி நில்லுங்க. கொஞ்ச நேரம். ஒண்ணும் செய்ய வேண்டாம், உள்ள வரவும் வேண்டாம். வெளிய ஒரு ஆளு நிக்கின்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்.